மூடி வைக்காத பாத்திரம்



மக்தபில் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் நான் நடத்தும் பாடங்களில் ஒன்று, மாலை நேரத்து ஒழுக்கங்கள். ஜாபிர் பின் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் அறிவித்து, புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்ற நபிமொழி அது. பொழுது சாய்ந்ததும் சிறு பிள்ளைகளை வீட்டுக்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும்; அல்லாஹ்வின் பெயர் கூறிக் கதவை அடைக்க வேண்டும்; தண்ணீர்த் தோல்பையின் வாயைக் கட்ட வேண்டும்; பாத்திரங்களை மூட வேண்டும்; மூடுவதற்கு ஒன்றும் கிடைக்காவிட்டால் ஒரு குச்சியையாவது குறுக்கே வைக்க வேண்டும்; உறங்குமுன் விளக்கை அணைக்க வேண்டும். விளக்கை அணைக்கச் சொன்னதற்குக் காரணமும் அதே செய்தியில் உண்டு: எலி திரியை இழுத்துச் சென்று வீட்டாரோடு வீட்டையே எரித்துவிடக்கூடும் என்பது. பிள்ளைகள் இந்த இடத்தில் எப்போதும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இப்படிக் கடந்தன. அந்தப் பாத்திரங்களை என் வீட்டில் யார் மூடுகிறார்கள் என்று ஒரு நாளும் நான் எண்ணிப் பார்த்ததில்லை. சென்ற ஆண்டுதான் அதற்கு விடை கிடைத்தது.

நோன்புப் பெருநாள் முடிந்த மாதத்தில் என் மனைவிக்கு வயிற்றில் ஓர் அறுவை சிகிச்சை செய்ய நேர்ந்தது. ஆறு வாரங்கள் பளு தூக்கக் கூடாது, குனிந்து நிமிரக் கூடாது, அடுப்படியில் நிற்கக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மூத்த மகள் பதினொன்றாம் வகுப்பு, மகன் ஆறாம் வகுப்பு. கடைக்குட்டிக்கு மூன்று வயது. என் தாயார் காலமாகிவிட்டார்கள். மாமியார் முதல் பத்து நாள் இருந்துவிட்டு, தம் வீட்டிலும் ஒரு நோயாளி இருந்ததால் ஊர் திரும்பினார்கள். பதினோராம் நாள் பஜ்ர் தொழுகை முடிந்து வந்தபோது அடுக்களை எனக்காகக் காத்திருந்தது.

அண்ணலார் (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று அஸ்வத் (ரஹ்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்டபோது, தம் குடும்பத்தாரின் வேலைகளைச் செய்துகொண்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுச் செல்வார்கள் என்று அன்னையார் விடை சொன்னதைப் புகாரியில் காண்கிறோம். இந்த ஹதீஸை நிகாஹ் மேடைகளில் மாப்பிள்ளைகளுக்கு நான் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறேன். என் சொந்த அடுப்படியில் உப்பு எந்தச் சம்படத்தில் இருக்கிறது என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. படுத்த இடத்திலிருந்து மனைவி குரல் கொடுப்பாள்: "என்னங்க, இடது பக்கம் இரண்டாவது தட்டு." அங்கே மூன்று சம்படங்கள் இருக்கும். மூன்றையும் நக்கிப் பார்த்துத்தான் உப்பைக் கண்டுபிடித்தேன்.

முதல் வாரம் சோறு இரண்டு முறை அடிபிடித்தது. பருப்பு ஒரு நாள் வேகவில்லை, மறுநாள் குழைந்தது. மூன்றாம் நாள் வைத்த சாம்பாரை மகன் குடித்துவிட்டு, "அத்தா, ரசம் நல்லாயிருக்கு" என்றான். மூத்தவள் கெட்டிக்காரி. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளி மூடிக் கிடந்தபோது கேக் சுடக் கற்றுக்கொண்டவள். அதன் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் வீட்டில் கேக் மணக்கும். தெரிந்தவர் வீட்டு விசேஷங்களுக்கும் செய்து கொடுப்பாள். அடுக்களையில் நான் மாணவன், அவள்தான் உஸ்தாத். மாவைச் சலிக்காமல் கொட்டினால் கட்டி தட்டும், முட்டை குளிர்ந்திருந்தால் கலவை திரிந்துபோகும், ஓவன் சூடேறும் முன் தட்டை உள்ளே வைத்தால் கேக் எழும்பாது என்று பாடம் நடத்தினாள். தாயார் படுக்கையில் கிடந்ததால் கேக்கை நிறுத்திவிடலாமா என்று கேட்டாள். அவள் முகம் வாடுவதைப் பார்க்க மனமின்றி, வேண்டாம், நடக்கட்டும் என்றேன்.

கடைக்குப் போவதிலும் என் அறியாமை தெரிந்தது. என் மனைவி ராஜாஜி மார்க்கெட்டுக்கு வாரம் இருமுறை போய், மூன்று நாளைக்குத் தேவையானதை மட்டும் வாங்கி வருவாள். எனக்கு நேரம் கிடைப்பதில்லை என்று நினைத்துக்கொண்டு, ஒரே நடையில் மாதத்துக்கு உரியதை வாங்கினேன். விலை மலிவு என்று கடைக்காரர் சொன்னதைக் கேட்டு மைதா பத்துக் கிலோ, ரவை ஐந்து கிலோ, வேர்க்கடலை மூன்று கிலோ எடுத்தேன். நியாயவிலைக் கடை அரிசியும் சர்க்கரையும் பருப்பும் அந்த வாரமே வந்து சேர்ந்தன. இவற்றையெல்லாம் கொட்டி வைக்கப் பாத்திரம் போதவில்லை. பையின் வாயைச் சுருட்டி, மேலே ஒரு கல்லை வைத்து, பரணிலும் அடுப்பு மேடைக்குக் கீழும் அடுக்கினேன்.

பத்தாம் நாள் ரவையில் வண்டு நெளிந்தது. பதினைந்தாம் நாள் மைதாப் பையின் அடியில் ஓட்டை விழுந்து, வெள்ளைக் கோடாய் மாவு வழிந்திருந்தது. சுவரோரம் கருநிறப் புழுக்கைகள் கிடந்தன. இரவில் பரண்மேல் ஓடும் சத்தத்தைக் கேட்டு மனைவி கண் விழித்துக் கிடந்தாள். "நான் நடமாடினால் இப்படி ஆகாது" என்று மட்டும் ஒரு முறை சொன்னாள்.

இங்கே எங்கள் தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிள்ளையார்பாளையம் பட்டு நெசவாளர்களின் ஊர். கயிலாசநாதர் கோயிலுக்கு அருகில், நீளநீளமான தெருக்களில், தோளோடு தோள் உரசி நிற்கும் வீடுகள். பல வீடுகளுக்கு இடையில் ஒரே சுவர்தான். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். காலையில் தெருவில் பாவை நீட்டிக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவி, வெயிலில் உலர்த்துவார்கள். வீட்டுக்குள் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்து நெய்வார்கள். கோர்வைப் புடவையானால் இருவர் வேண்டும்; ஒருவர் உடலை நெய்ய, மற்றவர் பக்கத்திலிருந்து கரைக்கு நாடா கொடுப்பார். ஆண்களுக்குப் பட்டு உடுத்துவது மார்க்கத்தில் விலக்கு. ஆயினும் இத்தெருப் பட்டை நான் அறிவேன். என் மனைவியின் நிகாஹ் புடவை எங்கள் பக்கத்து வீட்டுத் தறியில் நெய்யப்பட்டது.

அந்தப் பக்கத்து வீட்டுப் பெரியவர் அறுபதைக் கடந்தவர். நான் அவரை ஐயா என்பேன், அவர் என்னைப் பாய் என்பார். பதினேழு ஆண்டுகளாக அண்டை வீட்டார். பெருநாள் பிரியாணி அங்கே போகும், பொங்கல் கரும்பு இங்கே வரும்.

எலிகளின் கதைக்குத் திரும்புகிறேன். பொறுமை இழந்து, ஒரு நாள் மார்க்கெட்டிலிருந்து எலி மருந்து வாங்கி வந்தேன். கேக் என்றே அதைச் சொல்கிறார்கள். நீல நிறக் கட்டிகள். ஆறு கட்டிகளை மேடைக்குக் கீழும் பரணிலும் வைத்தேன். குழந்தைக்கு எட்டாத இடம்தான் என்று உறுதி செய்துகொண்டேன். எலிக்கும் கால் உண்டு, வாய் உண்டு, அது தனக்குப் பிடித்த இடத்துக்கு இரையை இழுத்துச் செல்லும் என்பது என் புத்தியில் படவில்லை.

மறுநாள் அஸர் தொழுதுவிட்டு வருகிறேன். கடைக்குட்டி கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். கையில் நீலமாக ஏதோ இருக்கிறது. என்னைக் கண்டதும் முகமெல்லாம் மலர அதை நீட்டினாள்.

"அத்தா, கேக்கு."

வெள்ளிக்கிழமைதோறும் கேக் பார்த்து வளர்ந்த குழந்தை. நீல நிறத்தில் ஒன்று தரையில் கிடந்தால் அவள் வேறு என்னவென்று நினைப்பாள்? கட்டியின் ஒரு முனை கடிபட்டிருந்தது. கடித்தது எலியா, குழந்தையா என்று தெரியவில்லை. அந்தச் சில கணங்களை இன்று எழுதும்போதும் என் கை நடுங்குகிறது.

வாயைத் துடைத்து, மருந்தின் அட்டையையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினேன். அந்த அட்டையைக் கொண்டுபோனது ஒன்றுதான் அன்று நான் செய்த நல்ல காரியம் என்று மருத்துவர் சொன்னார். எலி மருந்துகளில் பல வகை உண்டு. நான் வாங்கிய வகை இரத்தம் உறைவதைத் தடுத்துக் கொல்வது. அதன் விளைவு உடனே தெரியாது, ஓரிரு நாள் கழித்தே வெளிப்படும். அதற்கு வைட்டமின் கே மாற்று மருந்தாகப் பயன்படும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பசை வகையோ கல்லீரலைச் சிதைப்பது. அதற்கு நேரான முறிமருந்து இல்லை. அத்தகைய பசையைத் தமிழக அரசு தடை செய்திருக்கிறது. எந்த வகை என்று தெரிந்தால்தான் மருத்துவருக்கு வழி தெரியும். குழந்தைக்கு இரத்தப் பரிசோதனை செய்தார்கள்; இரண்டு நாள் கழித்து மறுபடியும் செய்தார்கள். இரண்டு முறையும் குறையில்லை. அவள் அதைக் கடிக்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

அந்த இரண்டு இரவுகளும் நான் உறங்கவில்லை. 2024 நவம்பரில் நம் மாவட்டத்துக் குன்றத்தூரில் நடந்தது நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. வீட்டில் எலித் தொல்லைக்காக மருந்து வைத்திருந்தார்கள். அடைத்த அறையில் குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு குடும்பம் உறங்கியது. இரண்டு சிறு பிள்ளைகளின் உயிர் போயிற்று. செய்தியைப் படித்த அன்று இன்னா லில்லாஹி சொல்லிவிட்டு, பெற்றவர்களுக்காக மனம் வருந்தினேன். அதே ஆபத்தை என் கையால் விலை கொடுத்து வாங்கி வீட்டுக்குள் வைப்பேன் என்று அன்று நினைக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை மருந்துக் கட்டிகளைத் தேடி எடுக்கும் வேலையில் இறங்கினேன். வைத்தவை ஆறு, குழந்தையிடம் கிடைத்தது ஒன்று, வைத்த இடத்திலேயே இருந்தவை மூன்று. மீதி இரண்டும் கிடைக்கும்வரை ஓய்வதில்லை என்று பரணில் ஏறி எல்லாவற்றையும் இறக்கினேன். வேர்க்கடலை மூட்டைக்குப் பின்னால், பொதுச் சுவரும் ஓட்டுக்கூரையும் சேரும் மூலையில் எலிக்கூடு ஒன்று இருந்தது. இரண்டு கட்டிகளும் அங்கேதான் கிடந்தன.

என்னை நிறுத்தியது அந்தக் கூடு. என் மைதாப் பையின் காகிதத் துணுக்குகள், கடலைத் தோல், அவற்றோடு அரக்கு நிறத்தில் பட்டு இழைகள். கை நிறைய இருந்தன. இடையிடையே ஜரிகை மின்னியது. கூட்டுக்குப் பின்னால் சுவரில் என் இரு விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. குனிந்து பார்த்தால் மறுபக்கத்து வெளிச்சம் தெரிந்தது.

எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. என் அடுக்களையில் தின்று, என் பரணில் குட்டி போட்டு, ஐயாவின் தறியில் இழை அறுத்திருக்கின்றன. பாவில் தடவிய கஞ்சியின் ருசி ஒரு காரணம். எலிக்கு முன்பற்கள் வளர்ந்துகொண்டே இருப்பதால் எதையாவது கொறித்துத்தான் ஆக வேண்டும் என்பது மற்றொரு காரணம். எந்தக் காரணமானாலும் இழந்தவர் அவர். அவர் கூலிக்கு நெய்பவர். பாவும் ஜரிகையும் அவருடையவை அல்ல, பட்டு கொடுத்தவருடையவை. சேதம் நெய்பவரின் கூலியில்தான் விழும்.

உடனே போய்ச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. ஒரு நாள் முழுதும் என் மனம் வழக்காடியது. மார்க்கச் சட்டம் படித்தவனுக்குத் தப்பிக்கும் வழிகள் மற்றவர்களைவிட அதிகம் தெரியும். எலி எனக்குச் சொந்தமானது அல்ல. நான் வளர்த்ததும் அல்ல, அவிழ்த்து விட்டதும் அல்ல. தாவூத் (அலை), சுலைமான் (அலை) இருவரும் தீர்ப்பளித்த வழக்கைச் சூரா அல்-அன்பியா கூறுகிறது. இரவில் ஆடுகள் பிறர் விளைநிலத்தில் புகுந்த வழக்கு அது. பராஉ (ரலி) அவர்களின் ஒட்டகம் ஒரு தோட்டத்தில் புகுந்து சேதம் செய்தபோது, பகலில் தோட்டத்தைக் காப்பது தோட்டக்காரர் பொறுப்பு, இரவில் கால்நடையைக் கட்டிக் காப்பது அதன் உரிமையாளர் பொறுப்பு என்று நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததும் பாடத்தில் வரும். அவையெல்லாம் உரிமையுள்ள பிராணிகள். உரிமையாளர் இல்லாத எலிக்கு ஈடு கட்ட யாரும் கடமைப்பட்டவர் அல்லர். இப்படி என் மனம் எனக்குத் தீர்ப்பு எழுதியது.

மஃரிபுக்குப் பின் என் ஆசிரியரைத் தொலைபேசியில் அழைத்தேன். பட்டய வகுப்பில் எனக்கு ஃபிக்ஹ் கற்பித்த முதியவர். விவரமெல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்.

"இரவில் பாத்திரங்களை மூடி வைத்தீர்களா?"

"இல்லை ஹஜ்ரத்" என்றேன்.

"சரி, இஷாவுக்கு நேரமாகிறது" என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

அதற்குமேல் எனக்குக் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. எவனுடைய தொல்லையிலிருந்து அண்டை வீட்டான் அச்சமற்று இருக்க முடியவில்லையோ அவன் ஈமான் கொண்டவன் அல்லன் என்று அண்ணலார் (ஸல்) அவர்கள் மூன்று முறை அல்லாஹ்வின் மீது ஆணையிட்டுச் சொன்ன செய்தி புகாரியில் இருக்கிறது. அண்டை வீட்டான் யார், அவன் மார்க்கம் எது என்று அதில் பிரிவினை ஏதும் இல்லை.

இஷா தொழுதுவிட்டு, அந்தக் கூட்டை ஒரு தாளில் பொதிந்துகொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். ஐயா தறியிலிருந்து எழுந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். தாளை விரித்துக் காட்டினேன். அவர் அதைச் சற்று நேரம் பார்த்தார்.

"தெரியும் பாய்" என்றார்.

மூன்று புடவைக்கான பாவில் ஓரத்து இழைகள் அறுந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. பிணைத்துப் பிணைத்து நெய்திருக்கிறார். நான்கு நாள் வேலை போயிற்று. ஒரு புடவைக்குக் கூலியில் பிடித்தமும் ஆயிற்று. ஓட்டையின் இந்தப் பக்கத்தில் பழந்துணியை அடைத்து வைத்திருந்தார். எலி அதையும் இழுத்துப் போட்டிருந்தது.

"ஏன் ஐயா என்னிடம் சொல்லவில்லை?"

"வீட்டுல அம்மா ஆபரேஷன் ஆகிப் படுத்திருக்காங்க. நீங்க பள்ளிக்கூடமும் பார்த்து, சமையலும் பண்ணி ஓடிக்கிட்டிருக்கீங்க. இந்த நேரத்துல எலி வந்துச்சின்னு எப்படி வந்து சொல்றது?"

என்னால் பதில் பேச முடியவில்லை. என் சிரமத்தை அவர் இரண்டு வாரம் சுவருக்கு அப்பாலிருந்து சுமந்திருக்கிறார். இழப்புக்கு ஈடாகப் பணம் தருகிறேன் என்றதற்கு அவர் முகம் சுருங்கியது. பேச்சை வளர்க்காமல் திரும்பினேன். மறுநாள், அறுந்த இழைகளைப் பிணைத்துக் கொடுத்த அம்மையாரைத் தேடிச் சென்று, அவருக்குத் தர வேண்டியிருந்த கூலியைத் தந்துவிட்டேன். அதை அறிந்து ஐயா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே வந்து, "சுவரை எப்ப அடைக்கிறது பாய்?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கொத்தனாரை அழைத்தோம். எலிக்குஞ்சு நுழைய அரை அங்குலத் துளை போதும், சுண்டெலிக்கு அதுவும் வேண்டாம், சுண்டுவிரலை விடச் சிறிய சந்து போதும் என்று அவர் சொன்னார். துளைகளில் கம்பிவலையைத் திணித்து, மேலே சிமெண்டு பூசினார். துணியையும் மரத்தையும் எலி கடித்துவிடும். இரும்பு வலையைக் கடிக்காது. சாக்கடைத் துவாரத்துக்கும் வலை போட்டோம். இருபக்கத்துச் செலவும் என்னுடையது என்பதை மட்டும் ஐயா ஒப்புக்கொண்டார்.

உள்ளே தங்கிவிட்ட எலிகளை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. ஹரம் எல்லைக்குள்ளும் கொல்ல அனுமதிக்கப்பட்ட ஐந்து பிராணிகளில் எலியும் ஒன்று. ஆகவே அதைக் கொல்வதில் நமக்குத் தடையில்லை. ஆனால் கொல்லும் விதத்துக்கு வரம்பு உண்டு. கொல்லும்போதும் அழகிய முறையைக் கைக்கொள்ள வேண்டும் என்று ஷத்தாத் பின் அவ்ஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது. நெருப்பால் வதைக்கும் உரிமை அல்லாஹ்வுக்கு மட்டுமே. பசை அட்டையில் ஒட்டிக்கொண்டு இரண்டு நாள் துடித்துச் சாகும்படி விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை; நொடியில் கொல்லும் மரப்பொறியை எங்கள் பக்கத்தில் வைத்தேன். ஐயா வீட்டில் எலி பிள்ளையாரின் வாகனம்; அவர்கள் கொல்வதில்லை. அவர் கூண்டு வைத்து, பிடிபட்டதைக் கழனிப் பக்கம் கொண்டுபோய் விட்டார். புதிதாக வைத்த பொருளைக் கண்டால் எலி சில நாள் ஒதுங்கிப் போகும் என்பதால், முதல் மூன்று நாள் பொறியை இழுத்துப் பூட்டாமல் மசால்வடை மட்டும் வைத்துப் பழக்கினேன். நான்காம் நாள் முதல் ஒரு வாரத்தில் ஐந்து பிடிபட்டன. நீண்ட மூக்கோடு கீச்சிட்டு ஓடும் மூஞ்சூறு ஒன்றும் இருந்தது. அது கரப்பான்பூச்சியைத் தின்னும் பிராணி, மாவுக்கு வராது என்று மனைவி சொன்னதால் விட்டுவிட்டேன்.

பொறியைவிடப் பெரிய வேலை அடுக்களையில்தான் இருந்தது. வண்டு விழுந்த ரவையைச் சலித்து, வறுத்து, ஆறவைத்தோம். மிச்ச மைதாவைத் தூக்கி எறிய நேர்ந்தது. மலிவு என்று வாங்கியதில் பாதி குப்பைக்குப் போயிற்று. உண்ணுங்கள், பருகுங்கள், வீண் செய்யாதீர்கள் என்ற இறைக்கட்டளை உண்பவனுக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்தேன். வாங்குபவனுக்கும் அது உரியது என்று அன்று விளங்கியது. யூசுஃப் (அலை) அவர்கள் ஏழாண்டு விளைச்சலைக் கதிரோடு விட்டுவைக்கச் சொன்ன செய்தியை மகளுக்கு எடுத்துச் சொன்னேன். உமியின் காப்பில் இருக்கும் தானியத்தில் பூச்சி எளிதில் விழாது. "அப்படியென்றால் மாவாக அரைத்து வாங்கியதை நாம்தான் மூடிக் காக்க வேண்டும், இல்லையா அத்தா?" என்றாள். ஆமாம் என்றேன்.

இப்போது எங்கள் வீட்டு வழக்கம் இதுதான். அரிசி, மாவு, கடலை எல்லாம் இறுக மூடும் எவர்சில்வர் டப்பாக்களில். பரணில் தின்பண்டம் எதுவும் இல்லை. அரிசியில் காய்ந்த வேப்பிலையும் மிளகாய் வற்றலும் கிடக்கும். கேக் செய்த அன்று மேடையையும் ஓவனின் அடித்தட்டையும் துடைத்த பிறகே விளக்கணைப்போம். எச்சில் பாத்திரம் இரவில் கிடப்பதில்லை. குப்பை வெளியே போய்விடும். மூன்று நாளைக்கு மேல் எதையும் வாங்கிக் குவிப்பதில்லை. உணவில் எலி வாய் வைத்திருந்தால் தயங்காமல் கொட்டிவிடுகிறோம். நெய்யில் விழுந்த எலியைப் பற்றி அன்னை மைமூனா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் உண்டு. எலியையும் அதைச் சுற்றியுள்ள நெய்யையும் எடுத்து எறிந்துவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம் என்பது. உறைந்த நெய்க்கு உரிய சலுகை அது என்றே அறிஞர்கள் பலர் விளக்குகிறார்கள். எலியின் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சலும் இருப்பதால், ஐயத்துக்கு இடமானதை நாங்கள் உண்பதில்லை. நச்சு மருந்து எதுவும் வீட்டில் கிடையாது. உங்கள் வீட்டில் எப்போதேனும் இப்படி நேர்ந்தால், குழந்தையை வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள். மருந்தின் அட்டையோடு 108 ஊர்தியிலோ கிடைத்த வண்டியிலோ மருத்துவமனைக்கு விரையுங்கள். குழந்தை நன்றாக விளையாடுகிறதே என்று காத்திருக்காதீர்கள்.

ஆறு வாரம் முடிந்து மனைவி எழுந்து நடமாடத் தொடங்கினாள். முதல் நாள் அடுக்களைக்குள் வந்து ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்தாள். உப்பு இடம் மாறியிருந்தது. அதை மட்டும் பழைய இடத்தில் வைத்தாள்.

"இத்தனை வருஷம் ராத்திரி இதையெல்லாம் நீதான் மூடினாயா?" என்று கேட்டேன்.

"வேற யாரு?" என்றாள்.

அடுக்களை மறுபடியும் அவள் கைக்குப் போய்விட்டது. இரவு மூடும் வேலையை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. இஷாவுக்குப் பின் பிஸ்மில்லாஹ் சொல்லி ஒவ்வொன்றாக மூடுகிறேன். கடைக்குட்டி மூடிகளை எடுத்துக் கொடுப்பாள். சில நாள்களில் பொதுச் சுவருக்கு அப்பால் ஐயாவின் தறி ஓசை கேட்டுக்கொண்டிருக்கும்.

இவ்வாண்டு மக்தபில் அந்தப் பாடம் வந்தது. எலி திரியை இழுக்கும் இடத்தில் பிள்ளைகள் வழக்கம்போலச் சிரித்தார்கள். அவர்கள் சிரித்து முடித்ததும், இன்றிரவு வீட்டில் பாத்திரங்களை யார் மூடுகிறார்கள் என்று பார்த்து, அவர்களுக்கு உதவி செய்துவிட்டு, நாளை வந்து எனக்குச் சொல்லுங்கள் என்றேன். மறுநாள் இருபத்திரண்டு பிள்ளைகளில் பத்தொன்பது பேர் உம்மா, அம்மா, பாட்டி என்றார்கள். ஒருவன் மட்டும் அத்தா என்றான். மீதி இருவர் மறந்துவிட்டார்கள்.

நம் வீடுகளையும் நம் பிள்ளைகளையும் நம் அண்டை வீட்டாரின் உழைப்பையும் அல்லாஹ் காப்பானாக. நம் வீட்டுப் பெண்கள் ஓசையின்றிச் செய்யும் காரியங்களை அறிந்து நன்றி பாராட்டவும், அவற்றில் தோள் கொடுக்கவும் நமக்கு அருள் புரிவானாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.